பதினேழாவது பதிலி

குடோனில் இருந்த கம்ப்யூட்டர்கள் பதினாறு. திரையில் தெரிந்த பட்டியலில் பதினேழு.

பியூலா திரையில் விரலை வைத்து எண்ணிப் பார்த்தாள். நம்பிக்கை வரவில்லை. எழுந்து போய், சுவரோரம் வரிசையாக வைத்திருந்த பெட்டிகளின் தலையை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். எல்லாம் கொதித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, கொடுத்தவர் பேரை எழுதியிருந்தார்கள். பேண்டேஜ் துணி நெய்கிற வட்டாரத்தில் பிளாஸ்திரிக்கா பஞ்சம்! எட்டு அவளுடையவை. மீதி எட்டில் பிரவுசிங் சென்டர்காரர் கொடுத்தது நான்கு, ஸ்டுடியோக்காரர் கொடுத்தது இரண்டு, சர்ச் ஆபீஸிலிருந்து ஒன்று, ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒன்று. மெஷின்களைக் கோத்திருந்த ஒயர்களும் பதினாறுதான்.

"பிரிஸ்கி, புதுசா எதையும் மாட்டுனியா?"

"இல்லக்கா." பிரிஸ்கில்லா அவளிடம் ஆறு மாதமாக வேலை பார்ப்பவள். இரண்டு நாளாக அவளும் வீட்டுக்குச் சரியாகப் போகவில்லை. "கடைசியா ஜெராக்ஸ் கடைப் பொட்டியத்தான் மாட்டுனேன். அது காலையில."

வேறு நாளாக இருந்திருந்தால் பியூலா இதை விட்டிருக்க மாட்டாள். எச்சில் தட்டைக்கூட ஒரு தடவைக்கு மூன்று தடவை கழுவி வைக்கிற கை அது. ஆனால் இன்று புதன்கிழமை, மணி மூன்று. அவள் தம்பி விமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் மலை அணிலைப் படம் பிடிக்கிறேன் என்று செண்பகத்தோப்புக் காட்டுக்குப் போனவன், கூடப் போன பையன்கள் மூன்று பேரும் திரும்பி வந்தும், வரவே இல்லை. அந்த கேமராவை வாங்கிக் கொடுத்தவள் இவள்தான். வருமானத்தில் மிச்சம் பிடித்து, பிறந்தநாளுக்கு, ஆசை ஆசையாக. அதை நினைக்கும்போதெல்லாம் தன் கையைத் தானே வெட்டிப் போடலாம் என்று வந்தது.

லீவில் வந்திருந்த அவள் கணவன் ஜோயல் பட்டாளத்துக்காரன். அந்த மூன்று பையன்களையும், மலையடிவாரத்து மாந்தோப்புக் காவல்காரர் சின்னக்கருப்பனையும் கூட்டிக்கொண்டு, வனத்துறையில் அனுமதி வாங்கி மேலே ஏறியிருந்தான். அனுமதி இன்று இருட்டும் வரைதான். வியாழக்கிழமையிலிருந்து மலையில் கனமழை என்று செய்தியில் சொல்லிவிட்டார்கள். ஓடையில் தண்ணீர் இறங்கிவிட்டால் அப்புறம் தேடுவது ஆளை அல்ல, உடம்பை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாதா என்ன?

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணங்களுக்கு ட்ரோன் பறக்கவிடும் அழகுராஜா, நேற்று முழுக்கக் காட்டின் மேல் பறக்கவிட்டு ஒன்பதாயிரம் படங்கள் எடுத்துத் தந்திருந்தான். அத்தனையையும் மனிதக் கண் பார்த்து முடிக்க ஒரு வாரம் ஆகும். அதனால் கம்ப்யூட்டர்கள் பார்த்தன. ராஜபாளையத்தில் ஓடாமல் கிடந்த மில் ஒன்றின் பஞ்சு குடோனை வாடகைக்குப் பிடித்து, எட்டு மெஷின்களை ஒன்றாகக் கோத்து, கட்டட வரைபடம், வீடியோ வேலை என்று பிழைத்துக்கொண்டிருந்தவள் பியூலா. தலைமை மெஷின் ஒன்று வேலையைத் துண்டு போட்டு மற்றவைக்குப் பங்கு வைக்கும். கல்யாண வீட்டில் ஒரு மூட்டை வெங்காயத்தைப் பத்துப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாக உரிப்பதில்லையா, அதே கதைதான். ஒவ்வொரு மெஷினும் தன் பங்குக்கு வந்த படத்தில் ஆள் மாதிரி ஏதாவது தெரிந்தால், அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டு, இது ஆளாக இருக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று எழுதித் திருப்பிக் கொடுக்கும்.

எட்டு மெஷின் போதவில்லை. ஊரைக் கேட்டாள், ஊர் கொடுத்தது. வெளி மெஷின் ஒன்றைச் சேர்ப்பதென்றால் அதன் அடையாளத்தைச் சரிபார்த்து, ஒவ்வொன்றாகச் சம்மதம் கொடுத்துத்தான் சேர்க்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் இது மில் ஊர். ஷிஃப்ட்டுக்கு ஆள் குறைந்தால், வேலை கிடைக்காதா என்று மில் கேட்டுக்கு வெளியே நிற்கும் பதிலிகளில் கைக்கு அகப்பட்டவனை மேஸ்திரி உள்ளே இழுத்து மெஷினில் நிறுத்திவிடுவார். நூல் அறுந்து கிடக்கும்போது பேர், ஊர் விசாரித்துக்கொண்டிருக்க முடியுமா? அதெல்லாம் பிறகு எழுதிக்கொள்ளலாம். பியூலாவும் காலையில் அதையேதான் செய்தாள். யார் வந்து தட்டினாலும் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள் என்று தலைமை மெஷினுக்கு ஒரே வரியில் எழுதிவிட்டாள்.

அப்படித்தான் அது வந்திருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு பேர் இருந்தது. பதினேழாவதற்கு எதிரே வெறும் இடம். அக்கம்பக்கத்தில் யாரோ நல்ல மனசுக்காரர் வைஃபை வழியாகத் தன் மெஷினைக் கொடுத்திருக்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த மறுநிமிடம் முதல் நல்ல சேதி வந்தது.

அதுவரை மற்ற மெஷின்கள் கொடுத்ததெல்லாம் குப்பை. கருங்குரங்குக்கு நாற்பது, பட்ட மரத்துக்கு ஐம்பத்தைந்து. இது நூறு. பதினேழாவது மெஷின் கொடுத்தது. நூற்றுக்கு நூறு என்று எந்த மெஷினும் எப்போதும் கொடுத்து அவள் பார்த்ததில்லை. படத்தைப் பெரிதாக்கினாள். இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு மொட்டைப் பாறை. பாறையின் மேல் சிவப்புக் கட்டம். கட்டத்துக்குள் பாறை மட்டும்தான் இருந்தது.

"ஒன்னுமே இல்லியேக்கா," என்றாள் பிரிஸ்கில்லா, தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து.

"நமக்குத் தெரியல. மெஷினுக்குத் தெரியுது." சொல்லும்போதே பியூலா போனை எடுத்துவிட்டாள். ஜோயலுக்கு உயரமான இடத்தில் நின்றால்தான் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும். ஐந்தாவது தடவை கிடைத்தது. இடத்தைச் சொன்னாள்.

நாற்பது நிமிடம். குடோனின் தகரக் கூரை வெயிலில் நெளிந்து டக் டக்கென்று சத்தம் போட்டது. பதினாறு ஃபேன்களும் ஒரே சுதியில் இரைந்தன. பழைய பஞ்சுத் தூசி வெளிச்சத்தில் மிதந்து, வியர்த்த கழுத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், கதவு வரை போனாள், தண்ணீர் குடித்தாள், குடித்ததை மறந்து இன்னொரு தடவை குடித்தாள்.

"பியூலா!" ஜோயலுக்கு மூச்சு வாங்கியது. "அவன் செருப்பு கெடச்சிருக்குடி. ஒத்தச் செருப்பு. நீ சொன்ன அதே பாறையில."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல இருந்தது அவளுக்கு. பிரிஸ்கில்லாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். இயேசப்பா, இயேசப்பா என்று அதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

இரண்டாவது கட்டமும் பதினேழாவதிடமிருந்துதான் வந்தது. இன்னும் மேலே, ஓடைக்கு அந்தப் பக்கம், புதருக்கு முன்னால். நூறு. கட்டத்துக்குள் யாரும் இல்லை. இந்தத் தடவை அவள் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ஜோயலுக்குச் சொன்னாள். அங்கே கேமரா பை கிடைத்தது.

அப்போது போனைச் சின்னக்கருப்பன் வாங்கினார். பின்னால் பையன்களின் சந்தோஷக் கூச்சல் கேட்டது. அவர் குரல் மட்டும் அமுங்கியிருந்தது.

"தாயி, ஒன்னு சொல்லுதேன், வருத்தப்படாத. நேத்து ராத்திரி இங்க எம்புட்டு மழை தெரியுமா? பாறையெல்லாம் இன்னும் ஒழுகுது. செருப்பு காஞ்சு கெடந்துச்சு. இந்தப் பையும் காஞ்சு கெடக்கு. யாரோ இப்பத்தான் கொண்டாந்து வச்ச மாதிரி."

"மரத்தடியில கெடந்திருக்குமோ என்னவோ, அண்ணாச்சி."

"மொட்டப் பாறை தாயி. சுத்தி ஒரு தடமும் இல்ல. நான் எடுக்க வேணாம்னுதான் சொன்னேன். ஒம் மாப்பிள்ள கேக்கல."

ஜோயல் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "அவருக்கு வயசாயிட்டு, பயப்படுதாரு. நீ அடுத்த எடத்தச் சொல்லு."

அவள் சொல்லவில்லை. செத்த நேரம் பொறுங்க என்று வைத்துவிட்டாள். பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு மெஷினும் எவ்வளவு சூட்டில் ஓடுகிறது என்று காட்டும் பகுதிக்குப் போனாள். எண்பது, எழுபத்தாறு, எண்பத்து மூன்று. குடோனிலேயே முப்பத்தெட்டு டிகிரி இருக்கும்.

பதினேழாவதற்கு எதிரே பதினெட்டு என்று இருந்தது.

இந்த ஊரில், ஐப்பசியில்கூட, மத்தியானத்தில் பதினெட்டு டிகிரியில் எந்தப் பொருளும் இருக்காது. ஓடுகிற மெஷின் இருக்கவே இருக்காது. நீக்கிவிடலாம். ஒரு வரி போதும். விரல் கீபோர்டு வரை போனது. ஆனால் பதினாறு மெஷின்கள் காலையிலிருந்து தேடி ஒரு துப்பும் கொடுக்கவில்லை. இது செருப்பைக் கொடுத்தது, பையைக் கொடுத்தது. தம்பியையும் இதுதான் கொடுக்கும். ஆபத்துக்குப் பாவமில்லை என்று அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது கட்டம் வந்தது. இன்னும் மேலே. அவள் இடத்தைச் சொன்னாள். ஜோயல் சரி என்றான். அதற்கப்புறம் சிக்னல் போய்விட்டது.

மணி ஐந்தே கால். அழகுராஜா அடிவாரத்திலிருந்து புதுப் படங்களை அனுப்பத் தொடங்கினான். மத்தியானத்துக்கு மேல் எடுத்தவை. ஜோயல் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்றாவது தெரியுமே என்று பியூலா ஒவ்வொன்றாகத் திறந்தாள். இரண்டு மரங்கள், நடுவே மொட்டைப் பாறை. பார்த்த இடம்தான். பாறை மேல் ஜோயல் நின்றுகொண்டிருந்தான், இடுப்பில் ஒரு கையை வைத்து, மறு கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு.

சும்மா தோன்றித்தான், நேற்றைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

வெறும் பாறை மேல் சிவப்புக் கட்டம். பக்கத்துப் படத்தில் ஜோயல். ஒன்றன் மேல் ஒன்றை நகர்த்தினாள். கட்டத்தின் மேல் கோடு அவன் தலையைத் தொட்டது. கீழ்க்கோடு அவன் பூட்ஸைத் தொட்டது. இடுப்பில் வைத்த கையின் முழங்கை எவ்வளவு வெளியே நீட்டியிருந்ததோ, கட்டம் அவ்வளவு அகலம்.

விமல் குட்டை. ஜோயலின் தோளுக்குத்தான் வருவான்.

"அக்கா, என்னாச்சு?"

பியூலா புதுப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். இரண்டாவது இடத்தைத் தேடினாள். புதருக்கு முன்னால் ஜோயல் பையை எடுக்கக் குனிந்திருந்தான். நேற்றைய படத்தில் இருந்த கட்டம் உயரம் குறைந்து, சதுரமாக இருந்தது. குனிந்தவன் அதற்குள் அச்சாகப் பொருந்தினான்.

அது விமலைத் தேடவே இல்லை. அவள் புருஷன் எங்கே வந்து நிற்பான் என்று நேற்றைய படத்திலேயே கட்டம் போட்டு வைத்திருக்கிறது. அவள் வாயாலேயே அவனைக் கூப்பிட்டு, அங்கே நிறுத்தியிருக்கிறது. மூன்று தடவை.

நீக்கினாள். பட்டியல் பதினாறு ஆனது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பதினேழு. மறுபடி நீக்கினாள். பதினேழு. காலையில் எழுதிய வரியை அழித்தாள். யாரையும் சேர்க்காதே என்று எழுதினாள். பதினேழு.

"பிரிஸ்கி, எல்லா ஒயரையும் உருவு! எல்லாத்தையும்!"

இருவருமாக உருவினார்கள். சர்ச் பெட்டி. ஸ்டுடியோ பெட்டிகள். பிரவுசிங் சென்டர் பெட்டிகள். தலைமை மெஷினின் ஒயரையும் பியூலா பிடுங்கி எறிந்தாள். பட்டியலில் பேர்கள் ஒவ்வொன்றாக மங்கின. கடைசியில் ஒரு வரி மிச்சம். பேர் இல்லாத வரி. அதற்கு எதிரே, வேலை நடக்கிறது என்று பச்சைப் புள்ளி. குடோனில் ஈரச் சருகு வாசனை அடித்தது. கதவு மூடித்தான் இருந்தது.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அக்கா..."

தொண்டை கிழிந்த குரல். அழுகிற குரல்.

"அக்கா, நான்தான்... விமல். தேவதானத்துல இருக்கேன். மலையில வழி தெரியாம இந்தப் பக்கமா எறங்கிட்டேன். கால் ஒடிஞ்சிட்டுக்கா. ஒரு பம்பு செட்டுல... இவியதான் தண்ணி குடுத்தாவ..."

ஒரு பெண் போனை வாங்கினாள். தன் பேர் முத்துப்பேச்சி என்றாள். "பயப்படாதிய. பய உசுரோட இருக்கான். வயல்ல தவழ்ந்து வந்தான், எங்க வீட்டுக்காரரு பாத்துத் தூக்கியாந்தாரு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. அவன் செருப்பு ரெண்டும் அறுந்து கால்லயே தொங்குது, கேமராவ நெஞ்சோட கட்டிக்கிட்டு விட மாட்டேங்கான்."

செருப்பு ரெண்டும். அப்படியானால் பாறையில் கிடந்தது யாருடையது? பியூலா போனை வைத்தாள். தம்பி உயிரோடு இருக்கிறான். அதற்கு ஒரு நொடி சந்தோஷப்படக்கூட அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஜோயலைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி.

எடுத்தான்.

"ஏங்க! எறங்கி வாங்க! உடனே எறங்கி..."

"பியூலா!" அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அழுதுகொண்டும் இருந்தான். கல்யாணமான ஏழு வருடத்தில் அவன் அழுது அவள் கேட்டதில்லை. "கெடச்சுட்டான்டி. விமலு கெடச்சுட்டான். என் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கான்."

"இல்ல. இல்லங்க. அவன் தேவதானத்துல இருக்கான். இப்பத்தான் பேசுனான். அது அவன் இல்ல. கைய விடுங்க."

"சரியா கேக்கல. காத்து அடிக்கி. பனி வேற எறங்கிட்டு, முன்னால ஒன்னும் தெரியல. அதான் எல்லாரும் கையக் கோத்துக்கிட்டோம். இவன்தான் வழி காட்டுதான். கீழ போறதுக்குக் குறுக்கு வழி இருக்காம்."

"கைய விடுங்க!"

"கைதான் ரொம்பச் சில்லுனு இருக்கு. பாவம், மூணு நாளு மழையில..."

"சின்னக்கருப்பன் அண்ணாச்சிகிட்ட குடுங்க! அவர்கிட்ட குடுங்க!"

"அவரா? அவரும் இருக்காரு பின்னால. அவருந்தான் சிரிக்காரு. இரு, தம்பி ஒங்கூடப் பேசணுங்கான்."

போன் கை மாறும் சத்தம். காற்று. அப்புறம் காற்று நின்றது.

"அக்கா," என்றது விமலின் குரல்.

தொண்டை கட்டாத குரல். ஞாயிற்றுக்கிழமை காலையில், போயிட்டு வாரேன் என்று வாசலில் நின்று சொன்ன அதே குரல். பசி இல்லை, வலி இல்லை, மூச்சு வாங்கல் இல்லை.

தொடர்பு அறுந்தது.

பியூலா அழகுராஜாவைக் கூப்பிட்டாள். அவன் அடிவாரத்தில்தான் இருந்தான். ட்ரோனை இப்போதுதான் இறக்கியிருந்தான். பேட்டரி முடிந்துவிட்டது, பனி அதிகம், கடைசியாக எடுத்ததில் நாலைந்து படம்தான் தெளிவு என்றான். அனுப்பு என்று கத்தினாள். அனுப்பிவிட்டேனே அக்கா, அப்போதே போய்விட்டதே, உங்கள் மெஷின் வாங்கிக்கொண்டதே என்றான்.

ஒயரைப் பிடுங்கிப் போட்ட தலைமை மெஷினின் திரையில் ஒரு படம் திறந்திருந்தது. யாரும் திறக்கவில்லை. பிரிஸ்கில்லா சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயை இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள்.

மேலிருந்து எடுத்த படம். வெள்ளைப் பனி. அதன் நடுவே கறுப்பாக ஒரு பாறை விளிம்பு. ஐந்து பேர், ஒருவர் கையை ஒருவர் பிடித்து, வரிசையாக. கடைசியில் சின்னக்கருப்பனின் பச்சைத் தலைப்பாகை. முதலில் ஜோயல். ஜோயலின் வலது கை முன்னால் நீண்டிருந்தது, குழந்தையைப் பிடித்து நடக்கிறவன் கை போல, விரல்கள் எதையோ சுற்றி இறுக மூடி. அவன் முகம் மலர்ந்திருந்தது. ஒரு கால் பாறையில் இருந்தது. மறு கால் தூக்கியிருந்தது.

அவனுக்கு முன்னால் பாறை இல்லை. அந்த வெற்று வெளியில், அவன் கை முடிகிற இடத்தில், சிவப்புக் கட்டம்.

நூறு.